பெரியப்பாவோட ஹெச்பி-41சிவி, பிரிண்டர் பக்கம் வாயே தொறக்க மாட்டேங்குது – வழி சொல்லுங்க அண்ணாச்சிமாரே

குறுக்குத்துறை | மார்ச் 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா சவுதி தம்மாம்ல சர்வேயரா இருந்தவிய. 1986-ல ஊருக்கு வரும்போது ஒரு பொட்டி நெறைய சாமான் கொண்டாந்தாவ, அதுல ஹெச்பி-41சிவி கால்குலேட்டர், 82104ஏ கார்டு ரீடர், 82160ஏ ஹெச்பி-ஐஎல் மாட்யூல் (கால்குலேட்டரையும் பிரிண்டரையும் ஒயர்ல இணைக்கது), 82162ஏ தெர்மல் பிரிண்டர், அப்புறம் ஒரு பிஸ்கட் டப்பாவுல காந்தக் கார்டு பதினொண்ணு. அவிய போயி ஆறு வருசம் ஆச்சு. கார்டுல அவிய எழுதுன புரோகிராம் எல்லாம் இருக்குன்னு பெரியம்மா சொல்லுதாவ, அத படிச்சுப் பாக்கணும், அவ்வளவுதான் ஆசை.

2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி. பீரோ மேத்தட்டுல இருந்த கால்குலேட்டரும் கார்டு ரீடரும் தப்பிச்சுது, கீழ்த்தட்டுல இருந்த பிரிண்டர் முங்கிருச்சு. காய வச்சு எடுத்து வச்சதோட சரி, இப்பத்தான் கை வைக்கேன். புது பேட்டரி போட்டேன், கால்குலேட்டர் ஆன் ஆவல. பிரிண்டரும் அசையல. இதுல எங்கேருந்து ஆரம்பிக்கன்னே தெரியல. மல்டிமீட்டர் இருக்கு, சோல்டரிங் வரும், ஆசிலோஸ்கோப் எல்லாம் கெடையாது.

சாரல் தென்காசி | மார்ச் 2, இரவு 10:05

ப்ரோ எதுக்கு இவ்வளவு கஷ்டம், போன்ல எமுலேட்டர் (அதே கால்குலேட்டர் மாரி நடிக்குற ஆப்) எறக்குங்க, சும்மா கெடைக்கும். இல்லேன்னா சிப் போயிருக்கும், வெளிநாட்டு ஏலத்துல இன்னொரு மாட்யூல் வாங்கி மாத்திருங்க, வேலை முடிஞ்சுது

பாளை பழைய ரேடியோ | மார்ச் 3, காலை 6:15

தம்பி சாரல், எமுலேட்டர் அவிய பெரியப்பா கார்ட படிக்குமா? காந்தக் கார்ட படிக்கதுக்கு அந்த ரீடரே வேணும், ரீடருக்கு அந்த கால்குலேட்டரே வேணும். அப்புறம் சிப்பு போயிருக்கும் சிப்பு போயிருக்கும்னு எடுத்த எடுப்புல சொல்லாத மக்கா, நாப்பது வருசமா ரேடியோவும் டிவியும் பிரிச்சவன் சொல்லுதேன், பத்துக்கு எட்டு தொடுப்புலதான் கோளாறு இருக்கும். ரெண்டு உலோகம் தொடுற எடம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பாரு.

குறுக்குத்துறை தம்பி, மொதல்ல பிரிண்டர மற. மாட்யூல மற. ரெண்டையும் கழட்டி வை. கால்குலேட்டர் மட்டும் தனியா உயிரோட இருக்கான்னு பாரு. ஒண்ணு முக்கியம், எந்த மாட்யூலும் கால்குலேட்டர் ஆன்ல இருக்கும்போது சொருகவோ உருவவோ கூடாது, ரெண்டும் சேந்து போயிரும்.

அதுக்கு வேண்டியது ‘என்’ (N) வகை பேட்டரி நாலு, மொத்தம் 6 வோல்ட். பேட்டரி கூட்ட கழட்டிட்டு உள்ள இருக்க தகட்டப் பாரு, பச்சையா வெள்ளையா பூத்திருக்கா?

குறுக்குத்துறை | மார்ச் 3, இரவு 8:20

பூத்திருக்கு அண்ணாச்சி. ஒரு ஓரத்துல பச்சை, உப்பு மாரி வெள்ளையும் ஒட்டிக் கெடக்கு. பழைய பேட்டரி ஒழுகியிருக்கும் போல.

தூத்துக்குடி நங்கூரம் | மார்ச் 3, இரவு 9:00

அட, 41சிவி-யா! பேரக் கேட்டதுமே கை துறுதுறுங்குது. நான் கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்தவன், நேவிகேஷன் பேக் மாட்யூல் போட்டு நட்சத்திரம் பாத்து இடம் குறிக்கதுக்கு இதத்தான் வச்சிருந்தேன். 1981 ஏப்ரல்ல கொலம்பியா விண்கலம் மொதமொத போனப்ப அதுக்குள்ளயும் 41சி போச்சு, சும்மா ஒண்ணும் இல்ல வே.

வேலைக்கு வாரேன். அந்த பச்சை இருக்கே, அல்கலைன் ஒழுகினா காரம், அதுக்கு புளிப்புதான் மருந்து. காது குடையுத பட்ஸ்ல ஊறுகாய்க்குப் போடுத வெள்ளை வினிகர் தொட்டு பைய தடவு, நொரை அடங்குனதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தொடச்சு எடு. அந்த தகடு தனித் தகடு இல்ல, வளையுற பிலிம்ல படிஞ்ச செம்பு, மாட்யூல் சொருகுத போர்ட்டு வரைக்கும் அதேதான் போவுது. உப்புத்தாள போட்டு தேச்சியோ சோலி முடிஞ்சுது. என்கிட்ட ஒண்ணு அப்படித்தான் போச்சு, இன்னும் வயித்தெரிச்சல்.

குறுக்குத்துறை | மார்ச் 5, இரவு 10:30

சுத்தம் பண்ணேன். பேட்டரி போடாம பெஞ்ச் சப்ளைல 6 வோல்ட் வச்சு கரண்ட் லிமிட்டும் கொறச்சு வச்சு, பிளஸ் மைனஸ் ரெண்டு தரம் பாத்துட்டு கொடுத்தேன். ஆன் ஆயிருச்சு!! மெமரிய மொத்தமா அழிச்சு புதுசா ஆரம்பிக்க அந்த ஏரோ கீய அழுத்திக்கிட்டே ஆன் போட்டேன், ‘மெமரி லாஸ்ட்’னு வந்துச்சு. நின்னுக்கிட்டு இருக்கும்போது ஒரு மில்லி ஆம்ப் பக்கத்துல இழுக்கு, கணக்குப் போட்டா பத்துக்கு மேல ஏறுது.

ஆனா கூத்து என்னன்னா கையில எடுத்தா சில நேரம் டிஸ்பிளே செத்துப் போவுது. கீழ்ப் பக்கத்த நெரிச்சுப் பிடிச்சா திரும்ப வருது. ரெண்டு கூட்டணும்னு சமன் கீய தேடுனேன் காணல, அது வேற தனிக் குழப்பம்.

சாரல் தென்காசி | மார்ச் 5, இரவு 10:41

சமன் கீயே இல்லாத கால்குலேட்டரா 😂 அதுக்குத்தான் சொன்னேன் எமுலேட்டர்னு

தூத்துக்குடி நங்கூரம் | மார்ச் 5, இரவு 11:10

2 என்டர் 3 பிளஸ். அவ்வளவுதான். சமன் கீயே தேவப்படாது, அடைப்புக்குறியும் தேவப்படாது. ஒரு வாரம் பழகிட்டா அப்புறம் மத்த கால்குலேட்டர தொடவே அருவருப்பா இருக்கும்.

நெரிச்சா வருதுன்னா அது இந்த மாடலோட பெறவிக் கொறை. உள்ள கீபோர்டு பலகைக்கும் சிபியு பலகைக்கும் நடுவுல சோல்டர் கெடையாது, நாலு ஸ்க்ரூ அழுத்திப் பிடிக்கதுலதான் தொடுப்பே. அந்த ஸ்க்ரூ எறங்குத பிளாஸ்டிக் தூணு வயசாச்சுன்னா விண்டு போவும். பின்னால ரப்பர் கால் நாலையும் பைய நெம்பினா அதுக்கு அடியில ஸ்க்ரூ இருக்கும்.

குறுக்குத்துறை | மார்ச் 8, மாலை 6:00

தொறந்து பாத்தேன், சொன்ன மாரியே கீழ் ரெண்டு தூணும் நெடுக விண்டிருக்கு. அரால்டைட்ட ஊசி முனைல எடுத்து வெடிப்புக்குள்ள விட்டு, வெளிய நூல சுத்தி ஒரு நாள் முழுக்க வச்சிட்டேன். பலகைல தங்க முலாம் தடம் எல்லாத்தையும் ஆல்கஹால்ல தொடச்சேன். ஸ்க்ரூவ திரும்ப போடும்போது மொத இடஞ்சுழியா சுத்தி, ‘டக்’னு பழைய மறைல உக்காந்தப்புறம் முறுக்குனேன், பெலமா முறுக்கல. இப்ப நெரிக்காமலே நிக்கி. பெரியம்மா பாத்துட்டு ‘அவிய ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் இதத் தட்டிக்கிட்டு இருப்பாவ’ன்னு சொன்னாவ.

அடுத்து மாட்யூல். ஆப் பண்ணிட்டு சொருகி கேட்டலாக் 2 (சொருகுன மாட்யூல்ல என்னென்ன இருக்குன்னு காட்டுத பட்டியல்) ஓட்டுனேன். ஒண்ணாம் போர்ட்ல ஒண்ணுமே காட்டல. மூணாம் போர்ட்ல போட்டா ‘மாஸ் எஸ்டி’ தலைப்பும் ‘சிடிஎல் எப்என்எஸ்’ தலைப்பும் வருது. ஆனா பிரிண்டர் தலைப்ப காணல! மாட்யூல்ல பிரிண்டர் புரோகிராம் இருக்க ரோம் சிப்பு போச்சா?

மேலப்பாளையம் மீட்டர் | மார்ச் 8, இரவு 7:15

ஸலாம் எல்லாத்துக்கும். படிச்சுக்கிட்டே வாரேன், சுவாரஸ்யமா இருக்கு. குறுக்குத்துறை தம்பி, பதறாத. அந்த மாட்யூல்லயே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும் பாரு, பிரிண்டர் பங்ஷன வேணும் வேணாம்னு மாத்துறதுக்கு. நேரா போர்ட்ல சொருகுற பழைய 82143ஏ பிரிண்டரும் சேத்து வச்சா ரெண்டும் அடிச்சுக்கும்னு வச்சிருக்கான். அத தள்ளிட்டு திரும்ப பாரு.

ஒண்ணாம் போர்ட்ட ஆல்கஹால் தொட்ட அட்டைத் துண்டால பைய சுத்தம் பண்ணு, அது வெறும் தொடுப்பு.

குறுக்குத்துறை | மார்ச் 8, இரவு 7:50

மீட்டர் காக்கா!!! சுவிட்சேதான். தள்ளுனதும் பிரிண்டர் தலைப்பு வந்திருச்சு. அரை நாளு ரோம் செத்துப் போச்சுன்னு துக்கம் காத்தேன்.

பிரிண்டர மாட்டிட்டு பிஆர்எக்ஸ் (திரையில இருக்க எண்ண அச்சடிக்குத கட்டளை) போட்டேன், ‘டிரான்ஸ்மிட் எர்ர்’.

பாளை பழைய ரேடியோ | மார்ச் 9, காலை 6:30

இப்பத்தான் ஆட்டமே தொடங்குது. இந்த ஹெச்பி-ஐஎல் என்னன்னு மொதல்ல விளங்கிக்கோ, அப்பத்தான் தேடுத எடம் தெரியும்.

ஆனித் தேரு இருக்குல்லா, நெல்லையப்பர் தேரு. நிலையில இருந்து கெளம்பி நாலு ரதவீதியும் சுத்தி திரும்ப நிலைக்கே வந்து நிக்கணும். எங்கயாவது ஒரு முக்குல நின்னுச்சுன்னா மொத்த ஊரும் நிக்கும். இதும் அதேதான். ரெண்டே கம்பி, வளையம். கால்குலேட்டர் ஒரு சேதிய அனுப்பும், ஒரு சேதிக்கு 11 பிட்டு, அதுல 3 என்ன வகை சேதின்னு சொல்ல, 8 சரக்கு. மொத சாதனம் வாங்கி அடுத்ததுக்கு தள்ளும், அது அதுக்கடுத்ததுக்கு, கடைசில கால்குலேட்டருக்கே வந்து சேரணும். அனுப்புனதும் வந்ததும் ஒண்ணா இருக்கான்னு கால்குலேட்டர் சரி பாக்கும். வரலேன்னாலோ மாறி வந்தாலோ அந்த எர்ர். முப்பது சாதனம் மாட்டலாம், ஆனா ஒண்ணு செத்தா மொத்தமும் செத்துது.

அதனால பிரிண்டர கழட்டு. மாட்யூல்ல இருந்து வார ரெண்டு ஒயர் முனையவும் ஒண்ணுக்கொண்ணு சொருகு, தேரு நிலைய விட்டு கெளம்பி உடனே நிலைக்கு வந்த மாரி. அப்புறம் ‘டிஐஆர்’ போடு, டேப் டிரைவ்ல என்ன இருக்குன்னு கேக்குத கட்டளை அது. ‘நோ டிரைவ்’னு வந்தா வளையம் நல்லா இருக்குன்னு அர்த்தம், டேப் டிரைவ்தான் இல்லேங்கும். ‘டிரான்ஸ்மிட் எர்ர்’னு வந்தா மாட்யூல்லயோ அதோட ஒயர்லயோ கோளாறு.

குறுக்குத்துறை | மார்ச் 9, இரவு 8:10

‘நோ டிரைவ்’. இவ்வளவு சந்தோசமா ஒரு எர்ரர இதுவரைக்கும் படிச்சதில்ல. ஒயர ஆட்டி ஆட்டி பத்து தரம் போட்டேன், பத்தும் அதேதான்.

மேலப்பாளையம் மீட்டர் | மார்ச் 9, இரவு 8:40

அப்ப கோளாறு பிரிண்டர்லதான், பாதி வேலை முடிஞ்சுது. பிரிண்டருக்கு உயிர் இருக்கா? உயிரில்லாத சாதனம் சேதிய தள்ளாது, வளையம் அறுந்த மாரிதான். உள்ள இருக்க நிக்கல் காட்மியம் பேக் வெள்ளத்துல செத்திருக்கும்.

அப்புறம் தம்பி, ரொம்ப முக்கியம், அடாப்டர பிளக்ல சொருகுறதுக்கு முன்னால அதோட முதுகுல எழுதியிருக்கத படி. பெரியப்பா சவுதியில இருந்து கொண்டாந்ததுன்னு சொல்லுத, அங்க அப்ப 127 வோல்ட் லைன் ஓடிச்சு. எங்க வாப்பா ரியாத்ல இருந்து அனுப்புன மிக்சிய எங்கம்மா ஆசை ஆசையா 230-ல போட்டாங்க, தேங்கா சட்னி ஆவுறதுக்குள்ள மிக்சி சட்னி ஆயிருச்சு.

குறுக்குத்துறை | மார்ச் 9, இரவு 9:05

110-னு போட்டிருக்கு!! நல்லவேள சொன்னீங்க காக்கா. வெளிய வாரது ஏசின்னும் போட்டிருக்கு, நான் டிசி அடாப்டர் மாத்தலாம்னு நெனச்சிருந்தேன்.

மேலப்பாளையம் மீட்டர் | மார்ச் 9, இரவு 9:12

அந்த அடாப்டர தூக்கி ஓரமா வை. பேக்க பிரிச்சு எத்தன செல் இருந்துச்சோ அத்தன நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், தகடு வச்சு வெல்டு பண்ணது வாங்கி கட்டு. செல் மேல நேரா சோல்டர் வைக்காத. சார்ஜ் வெளிய வச்சே பண்ணிக்கலாம்.

குறுக்குத்துறை | மார்ச் 15, மாலை 5:30

பேக் கட்டியாச்சு. பிரிண்டர் மூடியத் தொறந்தா உள்ள தாமிரபரணி வண்டல் ஒரு படிவா கெடக்கு, கூடவே ஒரு செத்த பாச்சாவும். வாளித் தண்ணி வேணாம்னு ஆல்கஹால்லயே பெயிண்ட் பிரஷ் வச்சு கழுவுனேன், ரெண்டு நாளு காய வச்சேன். பவர் வருது, பேப்பர் தள்ளுத பட்டன் அழுத்துனா மோட்டர் ஓடுது. ஆனா வளையத்துல மாட்டுனா இன்னும் ‘டிரான்ஸ்மிட் எர்ர்’தான்.

பாளை பழைய ரேடியோ | மார்ச் 15, மாலை 6:20

சாதனத்துக்குள்ள வளையத்தோட கம்பி நேரா சிப்புக்கு போவாது, நடுவுல சின்ன பல்ஸ் டிரான்ஸ்பார்மர் உண்டு. முடி மாரி கம்பி. தண்ணி பட்டு பூத்து அறுந்திருக்கும், நான் அடிச்சு சொல்லுதேன். பவர ஆப் பண்ணிட்டு இன் சாக்கெட்டோட ரெண்டு முள்ளுக்கும் நடுவுல ஓம் பாரு, அப்புறம் அவுட்டுல பாரு.

குறுக்குத்துறை | மார்ச் 15, இரவு 7:00

இன்-ல சில ஓம் காட்டுது. அவுட்-ல ஒண்ணுமே இல்ல, ஓப்பன்.

பாளை பழைய ரேடியோ | மார்ச் 15, இரவு 7:10

சொன்னேம்லா! டிரான்ஸ்பார்மர் போச்சு. பொட்டலத்த பாளைக்கு கொண்டா, பழசப் பிரிச்சு சுத்து எண்ணி நானே சுத்தித் தாரேன். ரேடியோவுக்கு ஐஎப் டிரான்ஸ்பார்மரே கையால சுத்தியிருக்கேன்.

தூத்துக்குடி நங்கூரம் | மார்ச் 15, இரவு 9:30

பெரியவரே கொஞ்சம் பொறுங்க. நீங்கதான மொதல்ல தொடுப்பப் பாரு தொடுப்பப் பாருன்னு சொன்னது. சாக்கெட் முள்ளுல ஓப்பன் காட்டினா டிரான்ஸ்பார்மர்னு எப்படி சொல்ல? முள்ளுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவுல பலகை இருக்கு, சோல்டர் இருக்கு. டிரான்ஸ்பார்மர் கால்லயே மீட்டர வச்சுப் பாக்கச் சொல்லும்.

குறுக்குத்துறை | மார்ச் 16, காலை 11:45

நங்கூரம் அண்ணாச்சி சொன்னதுதான். டிரான்ஸ்பார்மர் கால்ல வச்சா அதே சில ஓம் காட்டுது, சொகமா இருக்கு. அவுட் சாக்கெட்டோட ஒரு முள்ளச் சுத்தி சோல்டர்ல முடி மாரி ஒரு வட்டம், லென்ஸ் வச்சுப் பாத்தாத்தான் தெரியுது, டிரை சோல்டர். நாப்பது வருசமா ஒயர சொருகி உருவி சொருகி உருவி ஆடியிருக்கு, வெள்ளத்துல மிச்சமும் பச்சை பிடிச்சிருச்சு. பழைய ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டு பிளக்ஸ் வச்சு புதுசா வச்சேன், பக்கத்துல இருந்த மத்த மூணு முள்ளுக்கும் சேத்து வச்சிட்டேன்.

பிஆர்எக்ஸ் போட்டேன். கிர்ர்ருனு அடிச்சுது அண்ணாச்சி!! 3.14 பேப்பர்ல!

பாளை பழைய ரேடியோ | மார்ச் 16, மதியம் 12:30

சரி வே, தப்பு எனக்குத்தான். டிரான்ஸ்பார்மர் சுத்த ஆசப்பட்டு அவசரப்பட்டுட்டேன். கையோட கையா கம்பி கூட எடுத்து வச்சிட்டேன் பாத்துக்கிடுங்க.

சாரல் தென்காசி | மார்ச் 16, மதியம் 1:00

ஒத்துக்கறேன், நானா இருந்தா இந்நேரம் இருபதாயிரம் செலவழிச்சு இன்னொரு பிரிண்டர் வாங்கி அதுலயும் அதே எர்ரர் பாத்திருப்பேன். கார்டு ரீடர் என்னாச்சு?

குறுக்குத்துறை | மார்ச் 16, இரவு 8:00

ரீடர் உள்ள இருக்க ரப்பர் சக்கரம் கருப்பட்டிப் பாகு மாரி உருகிப் போயி கெடக்கு. தொட்டா கையெல்லாம் ஒட்டுது. வெள்ளமே படாத சாமான், இது ஏன் இப்படி?

தூத்துக்குடி நங்கூரம் | மார்ச் 16, இரவு 8:30

எல்லா 82104ஏ-யும் அப்படித்தான், அந்தக் காலத்து ரப்பர் தானா உருகும். ஆல்கஹால் போட்டு ஒட்டுனது முழுசா சுரண்டி எடு, ஹெட் மேல ஒரு துளி ஒட்டியிருந்தாலும் கார்டு நாசம். சக்கரத்துக்கு நான் ரெண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டேன், ஓடுது.

பாளை பழைய ரேடியோ | மார்ச் 16, இரவு 8:50

சைக்கிள் வால்வு டியூப் போதும்லா, அஞ்சு ரூவா.

தூத்துக்குடி நங்கூரம் | மார்ச் 16, இரவு 9:00

அதும் ரப்பர்தானே வே, அஞ்சு வருசத்துல அதும் உருகும். மீன் தொட்டிக்கு காத்து விடுத சிலிக்கான் டியூப்ல துண்டு வெட்டுனா உருகாது. தடிமன்தான் பாத்துக்கிடணும், தடிச்சா கார்டு சிக்கும், மெலிஞ்சா வழுக்கும், வேகம் மாறுனா ‘மால்பங்ஷன்’னு நிக்கும். மோட்டர் நெறைய கரண்ட் இழுக்கும், புது பேட்டரி வேணும். ரீடர நாலாம் போர்ட்லதான் மாட்டணும்.

இத ரெண்டு தரம் படி தம்பி: புரோகிராம் மோடுல இருக்கும்போது கார்ட விட்டா அது படிக்காது, எழுதிரும். பெரியப்பா எழுதுனது அழிஞ்சுது. அவிய கார்டு மூலை வெட்டியிருக்கான்னு பாரு, வெட்டாட்டி நீ வெட்டு, அப்ப எழுத விடாது. மொத ஓட்டம் வேண்டாத கார்டுல ஓட்டு.

குறுக்குத்துறை | மார்ச் 23, இரவு 10:15

வண்ணாரப்பேட்டைல மீன் தொட்டிக் கடைல ஒரு அடி டியூப் பத்து ரூவாய்க்கு வாங்குனேன். மூணாவது துண்டுதான் சரியா உக்காந்துது. மூலையெல்லாம் வெட்டுனேன். வெத்துக் கார்டு ஒண்ணு இருந்துச்சு, அதுல எழுதிப் படிச்சு எழுதிப் படிச்சு பத்து தரம் ஆனதுக்கு அப்புறம்தான் அவிய கார்ட தொட்டேன், கை நடுங்குச்சு உண்மையச் சொன்னா.

மிச்சம் பத்துல எட்டு படிச்சிருச்சு! அஞ்சு சர்வே வேலைக்கான டிராவர்ஸ் கணக்கு, கோணத் திருத்தம், பரப்பளவு அதெல்லாம். ரெண்டு ‘செக்சம் எர்ர்’ வருது, படிச்சது சரியா ஒத்து வரலேங்குது.

ஒரு கார்டுல பென்சில்ல ‘வீடு’ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. அது புரோகிராம் இல்ல, டேட்டா கார்டு, ரெண்டு தடத்துலயும் சேத்து 32 ரிஜிஸ்டர், ஒவ்வொண்ணுலயும் ஒரு எண்ணு. பிஆர்ரெக் போட்டு அச்செடுத்தேன். எல்லாம் 900, 1100, 950ன்னு ஒரே மாரி போவுது, நடுவுல ஒண்ணு மட்டும் 3400. ஒண்ணும் புரியல. பெரியம்மாட்ட காட்டுனேன். துண்ட வாங்கி கண்ணாடிய போட்டு வெரல வச்சு ஒவ்வொண்ணா எறங்குனாவ. 3400ல வந்து நின்னு, ‘இது கெணறு வெட்டுன மாசம்லா, பாறை வந்துட்டுன்னு எழுதுனேன், அனுப்புனாவ’ன்னு சொன்னாவ. மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புன ரியால் கணக்கு அது.

அந்தத் துண்ட அவியளே வாங்கி சாமி படத்துக்குப் பின்னால வச்சிக்கிட்டாவ.

மேலப்பாளையம் மீட்டர் | மார்ச் 23, இரவு 10:40

மாஷா அல்லாஹ். தம்பி, அது தெர்மல் பேப்பர். சாமி விளக்கு சூட்டுல வச்சா ஒரே மாசத்துல மொத்தமும் கருத்துப் போவும். நாளைக்கே ஜெராக்ஸ் எடுத்து அத வை.

பாளை பழைய ரேடியோ | மார்ச் 24, காலை 6:05

மிச்சம் ரெண்டு கார்டையும் ரீடரையும் ஞாயித்துக்கெழமை பாளைக்கு எடுத்துட்டு வா. சக்கரத்த ஒரு நூலு மாத்திப் பாப்போம். கார்டுக்கு ஆல்கஹால் போட்டுறாத, காஞ்ச பஞ்சால தொடச்சு வை போதும்.

குறுக்குத்துறை | மார்ச் 24, காலை 7:30

வாரேன் அண்ணாச்சி. ஜெராக்சுக்கு அந்தத் துண்ட பெரியம்மாட்ட இருந்து வாங்குததுதான் இப்ப பெரிய சோலியா இருக்கு, தர மாட்டேங்காவ. இன்னொண்ணு அச்செடுத்து அத ஜெராக்ஸ் போடப் போறேன்.